கவசம் வளைஞ்சா பெயிண்ட்டும் கூடவே வளையோணும்

"ஃபோம்ல பண்ணா இப்படித்தாங்க இருக்கும், நல்லா வேணும்னா ஃபைபர்ல பண்ணிருக்கோணும்." காலேஜ் நாடகத்துக்கு பசங்க ஃபோம்ல செஞ்ச கவசத்த பாத்துட்டு ஒருத்தர் போகிற போக்குல சொன்ன இந்த வரி எனக்கு இன்னும் செரிக்கல. சொன்னவரு கெட்ட மனுசன் இல்ல, பசங்க மேல இருந்த அக்கறையிலதான் சொன்னாரு. ஆனா அது ஃபோம் மேல போட்ட அநியாயமான பழி. இதை நம்பி எத்தனை பசங்க, லீவு நாளையும் கைக்காசையும் கொட்டி ஒரு கவசத்த செஞ்சு, அது மேடையில உரிஞ்சு விழறத பாத்துட்டு "நமக்கெல்லாம் இது வராது"ன்னு கத்திய மூடி வெச்சுட்டு போயிருப்பாங்கன்னு நெனச்சா மனசு கேக்கல. அதனாலதான் இதை முழுசா எழுதிரலாம்னு உக்காந்தேன்.

என்ற அக்கா பையன் காலேஜ்ல அண்ணன்மார் கதைய, அதான் பொன்னர் சங்கர் கதைய, நாடகமா போட்டாங்க, அதுல அவனுக்கு சங்கர் வேசம். நம்ம பக்கம் உடுக்கை அடிச்சு விடிய விடிய பாடற கதை, அதுல என்ன இருக்குன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பசங்க அதை அவங்க ஆசைப்படி, சினிமா, காமிக்ஸ் ஆளுங்க மாதிரியே வேசம் கட்டற காஸ்ப்ளேக்காரங்க மாதிரி மார்க்கவசம், தோள்கவசம், முன்கைக்கு காப்பு எல்லாம் வெச்சு பண்ணோணும்னு எறங்கிட்டாங்க. டிசைன், கட்டிங், ஒட்டறது எல்லாமே அவங்களே. மாருக்கு 10 எம்எம் ஷீட்டு, தோளுக்கு 5 எம்எம், மேல ஓடற பூவேலைக்கு 2 எம்எம்னு அளவு பாத்து வாங்கி அவ்ளோ சுத்தமா வெட்டிருந்தாங்க. பெயிண்ட்டுக்கு மட்டும் காருக்கு டிங்கரிங் பெயிண்டிங் பண்ற ஒரு பட்டறையில குடுத்தாங்க, அங்க காருக்கு என்ன பண்ணுவாங்களோ அதையே இதுக்கும் பண்ணிட்டாங்க. என்சி புட்டி இழுத்து, தேச்சு, பிரைமர் அடிச்சு, அதுக்கு மேல சில்வர் லேக்கர், அதுக்கு மேல கலர் இல்லாத கிளியர் கோட்டிங். ஸ்டாண்டுல மாட்டி வெச்சப்ப நெசமான இரும்பு தோத்துரும், அப்படி ஒரு பளபளப்பு. கொம்பன் பன்னிய வேட்டையாடற சீன் வந்துச்சு, பையன் குனிஞ்சு முழு வேகத்துல வேல வீசுனான், தோள்ல இருந்து வெள்ளி செதில் செதிலா தெறிச்சு லைட்டு வெளிச்சத்துல மின்னிட்டே விழுந்துச்சு, அக்குள் ஓரத்துல கறுப்பு ஃபோம் அப்படியே வெளிய தெரியுது. அப்பத்தான் பக்கத்து சீட்டுக்காரரு அந்த வரிய சொன்னாரு.

ஃபோம் என்ன தப்பு பண்ணுச்சு

நாம கவசத்துக்கு எடுக்கறது ஈவிஏ ஃபோம், எத்திலீன் வினைல் அசிட்டேட். செருப்போட அடி, ஜிம்முல தரைக்கு விரிக்கிற பாய், குழந்தைங்க வெளையாடற எழுத்து போட்ட பாய் எல்லாம் பெரும்பாலும் இதேதான். உள்ள இருக்கற குமிழி ஒவ்வொண்ணும் தனித்தனியா மூடியிருக்கும், அதனாலதான் ஸ்பாஞ்சு மாதிரி தண்ணிய குடிக்காது. ஆனா கத்தி பட்ட எடத்துல அந்த குமிழியெல்லாம் வாய தொறந்துக்கும். அங்க பெயிண்ட் வெச்சா உறிஞ்சிரும். ஒரே டப்பா பெயிண்ட்டு மேல்பக்கம் மினுக்கும், வெட்டுன ஓரத்துல மங்கலா செத்துக் கெடக்கும். சீல் பண்றதுங்கற வேலையே இதுக்குத்தான் வந்துச்சு, வாய் தொறந்த குமிழிய மூடி, எல்லா எடத்தையும் ஒரே தோலாக்கறதுக்கு.

அந்த மூடற வேலையில மொதல் பாதிய ஹீட் கன்னே பண்ணிரும். கைய நிறுத்தாம ஓட்டிட்டே போனா சொரசொரப்பா இருந்த மேல்பக்கம் லேசா ஒரு மினுமினுப்புக்கு மாறும், கண்ணுக்கே தெரியும், அந்த எடத்துல நிறுத்திரோணும். ஈவிஏ 100 டிகிரிக்குள்ளயே இளகிர்ற சமாச்சாரம், ஹீட் கன்னோட சூடு அதுக்கு எத்தனையோ மடங்கு மேல, அதனால ஒரே எடத்துல புடிச்சா சுருங்கி ஓரம் சுருண்டுக்கும். கத்தியில லேசா கீறி வெச்ச கோடு மேல சூடு காட்டுனா அந்த கோடு தானா விரிஞ்சு பள்ளமாகும், பூவேலைக்கு அதைவிட அழகான வழி எனக்கு தெரிஞ்சு இல்ல. பசங்க இதையெல்லாம் சரியாத்தான் பண்ணிருந்தாங்க. ஒட்டு போட்ட எடத்துல இருந்த சந்துக்கு மட்டும் ஒருத்தன் சிலிக்கான் வைக்கலாம்னு சொன்னானாம், நல்லவேளை வைக்கல. காஞ்ச சிலிக்கான் மேல சாதாரண பெயிண்ட் எதுவும் ஒட்டாது. சந்துக்கு அக்ரிலிக் சீலன்ட்டுதான், வெச்சு ஈரவிரல்ல இழுத்து விட்டா கோடே தெரியாது.

அப்ப கோளாறு எங்கன்னா அதுக்கு மேல வந்ததுல. என்சி புட்டி நைட்ரோசெல்லுலோஸ்ல பண்றது, தின்னர் பறந்ததும் கெட்டியா நிக்கும், நிக்கோணும்னுதான் அதை கண்டுபிடிச்சாங்க. காரோட டோரும் பானெட்டும் வளையாது, அங்க அது வருசக்கணக்குல நிக்கும். ஒரு மனுசன் தோள தூக்குனா மூச்சு விடற நேரத்துல கவசம் மடங்கி திரும்பிருது, புட்டியால அந்த வேகத்துக்கு கூட வர முடியாது. அடியில இருக்கறது ரப்பர் மாதிரி ஓடுது, மேல இருக்கறது ஓடு மாதிரி நிக்குது, நடுவுல வேற என்ன நடக்கும்? அந்த பட்டறைக்காரரு அவரு கத்துக்கிட்ட வேலைய ஒரு கொறையும் இல்லாம பண்ணிருக்காரு, அவரு கை பழகுனது தகரத்துல. ஆனா பழி விழுந்தது ஃபோம் மேல.

அந்த காலத்து கூத்து அணிகலன நெனச்சு பாக்கறேன். புஜகீர்த்தி, மார்ப்பதக்கம், கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை கட்டையில செதுக்கி, கலர் பேப்பரும் கண்ணாடிச் சில்லும் ஒட்டி செய்வாங்க. எடை கம்மியான மரம், ஆனா மரம் மரந்தான், வளையாது. அதனால அதை துண்டு துண்டா செஞ்சு கயித்துல ஒடம்போட கட்டிக்குவாங்க, அசைவெல்லாம் துணிக்கும் கயித்துக்கும் போயிரும். விடிய விடிய சுத்தி சுத்தி ஆடறவங்க ஒடம்புல அது நிக்குதுன்னா எது வளையும் எது வளையாதுங்கறத மொதல்லயே பிரிச்சு யோசிச்சிருக்காங்கன்னு அர்த்தம். நாம ஃபோம எடுத்ததே வளையும்ங்கறதுக்காக, எடுத்துட்டு அதுக்கு மேல வளையாதத பூசுனா எப்படி?

ஃபெவிகால் பத்தி

யார கேட்டாலும் மொதல்ல சொல்றது வெள்ளை ஃபெவிகாலத்தான். பாதிக்கு பாதி தண்ணி கலந்து மூணு நாலு கோட்டிங் குடு, சீல் ஆயிரும்பாங்க. 1959ல வந்ததுல இருந்து நம்மூர் ஆசாரிங்க கையில இருக்கற பொருள், எந்த சந்துக்கு போனாலும் கெடைக்கும், வெலையும் கம்மி, நாத்தம் இல்ல, குழந்தைங்க பக்கத்துல இருந்தாலும் பயமில்ல. ஸ்கூல் மாறுவேடப் போட்டிக்கு ஒரு கிரீடம், ஒரு கேடயம், வாள் கைப்பிடி, இதுக்கெல்லாம் தாராளமா போதும், நானே அப்படித்தான் சொல்லுவேன். ஆனா ஒடம்புல ஒட்டி நிக்கிற கவசத்துக்கு எனக்கு மனசு வரல. அது பிவிஏ, அதாவது பாலிவினைல் அசிட்டேட் பசை, காஞ்ச பொறவும் தண்ணி பட்டா இளகும். சித்திரை வெயில்ல, கரூர் ஈரோடு பக்கம் 40 டிகிரி அடிக்கறப்ப, ஃபோமுக்குள்ள ஒருத்தன் அரை மணி நேரம் நின்னா வேர்வை ஊத்தும், கழுத்து ஓரத்துல பெயிண்ட் அடிக்காம விட்ட எடம் வெள்ளையா பூத்து பிசுபிசுன்னு ஆயிரும். கெட்டியா பூசுன எடத்துல மடிச்சா கோடு விழும்.

வெளிநாட்டுக்காரங்க பிளாஸ்டி டிப் அடிப்பாங்க. பிளையர், ஸ்பேனர் கைப்பிடிய முக்கி எடுக்க வந்த ரப்பர் கோட்டிங், ஸ்ப்ரேயாவும் வரும். நம்மூர்ல கார் ஆக்சஸரீஸ் கடையில வீலுக்கு அடிச்சு பொறவு உரிச்சு எடுக்கறதுக்குன்னு விக்கறாங்க. அருமையான சரக்குதான், ஃபோமோட கூடவே வளையும், அதுல மறு பேச்சே இல்ல. ஆனா ஒரு முழு கவசத்துக்கு எத்தனை கேன் ஆகும்னு காலேஜ் பசங்க பாக்கெட்ட வெச்சு யோசிங்க. இன்னொண்ணு நம்மூர் காத்து. வைகாசி கடைசியில இருந்து ஆவணி வரைக்கும் பாலக்காட்டு கணவாய் வழியா வர்ற காத்து பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம்னு எந்த மொட்டை மாடியையும் விடாது, கரண்ட் எடுக்கற காத்தாடி கம்பெனிக்காரங்க சும்மாவா அங்க வந்து நின்னாங்க. அந்த காத்துல ஸ்ப்ரே அடிச்சா பாதி பக்கத்து தோட்டத்துக்கு போயிரும், மீதி மேல மண்ணு ஒட்டும். கதவ சாத்திட்டு உள்ள அடிக்கலாம்னு தயவுசெஞ்சு யாரும் போகாதீங்க. நாம கொரோனா காலத்துல வாங்கி வெச்ச என்95 மாஸ்க் தூசியத்தான் புடிக்கும், தின்னர் ஆவிய புடிக்காது, அதுக்கு கரி அடைச்ச கேட்ரிட்ஜ் இருக்கற மாஸ்க் தனியா வேணும்.

திருப்பூர்ல ஒரு மத்தியானம்

நான் திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பிரிண்ட் சாம்பிள் அப்ரூவலுக்கு பிரிண்டிங் யூனிட்டுக்கு போறது என்ற வேலையில பாதி. அன்னைக்கு ஒரு குழந்தைங்க டி-ஷர்ட்டு, நெஞ்சு நெறைய பெரிய கறுப்பு பிரிண்ட்டு, பையர் ஸ்ட்ரெட்ச் பண்ணி பாத்துத்தான் எடுப்பாருன்னு சொல்லி வெச்சிருந்தேன். மாஸ்டர் அண்ணன் டேபிள்ல இருந்து பீஸ எடுத்தாரு, ரெண்டு கையிலயும் புடிச்சு பிரிண்ட் ரெண்டு மடங்கு அகலமாகற அளவுக்கு இழுத்து புடிச்சு என்ற மொகத்துக்கு நேரா காட்டுனாரு, "பாருங்க அம்மிணி, துணி எவ்ளோ தூரம் போகுதோ அவ்ளோ தூரம் நம்ம பேஸ்ட்டும் போகோணும், திரும்பி வர்றப்ப கூடவே வரோணும், இல்லைன்னா அது பிரிண்ட்டே இல்லீங்க"ன்னாரு. விட்டாரு, பிரிண்ட் பழையபடி வந்து உக்காந்துச்சு, ஒரு கீறல் இல்ல.

இந்த டெஸ்ட்ட நான் வேலைக்கு சேந்ததுல இருந்து பாத்துட்டே இருக்கறவ. ஆனா அன்னைக்கு அந்த கறுப்பு பிரிண்ட்ட பாக்கறப்ப எனக்கு டி-ஷர்ட்டு தெரியல, சங்கரோட தோள்கவசந்தான் தெரிஞ்சுது. உலகத்துக்கே வளையற துணி மேல வளையற பெயிண்ட்ட போட்டு அனுப்பற ஊர்ல உக்காந்துட்டு, வளையற ஃபோமுக்கு எதை பூசறதுன்னு எங்கெங்கயோ தேடிட்டு இருக்கமேன்னு ஒரு நிமிசம் பேச்சே வரல. அங்கயே நின்னு அண்ணன்கிட்ட எல்லாத்தையும் கேட்டேன். அது ரப்பர் பேஸ்ட்டு, காயற வரைக்கும் தண்ணியில கரையற வகை, ஒயிட்டுன்னு ஒண்ணு கிளியர்னு ஒண்ணு வரும், கிளியர்ல என்ன பிக்மென்ட் கலக்கறோமோ அந்த கலர். துணிக்குன்னா கூட ஃபிக்ஸர் கொஞ்சம் விட்டு, பிரிண்ட் பண்ணி கியூரிங் மெஷின்ல 150 டிகிரி பக்கம் ஓட்டுவாங்க. ஃபோம அந்த மெஷின்ல விட முடியாதுன்னு அவரே சொன்னாரு, சுருண்டு போயிரும். அப்ப என்ன பண்றதுங்கண்ணான்னு கேட்டதுக்கு, "காத்துல காய விடுங்க, அவசரப்படாதீங்க, நாள் ஆக ஆக எறுகும்"னு சொல்லிட்டு ஒரு டப்பாவுல கிளியரும் கறுப்பு பிக்மென்ட்டும் ஊத்தி குடுத்தாரு, காசு வாங்க மாட்டேன்னுட்டாரு.

வீட்ல பசங்க வெட்டி போட்ட துண்டு ஃபோம் ஒரு மூட்டை கெடந்துச்சு. ஒண்ணுல கார் பிரைமர், ஒண்ணுல ஃபெவிகால், ஒண்ணுல இந்த கறுப்பு பேஸ்ட்டு. காஞ்சதும் ஃபோன் பேசற நேரமெல்லாம் கையில வெச்சு மடிச்சு மடிச்சு விரிப்பேன். பிரைமர் மொதல் மடிப்புலயே கோடு விட்டு நகத்துல நோண்டுனா தகடா வந்துச்சு. ஃபெவிகால் தாக்கு புடிச்சுது, ஆனா மடிப்புல வெள்ளைக்கோடு விழுந்து அந்த கோட்டுல இருந்து தூக்க ஆரம்பிச்சுது. பேஸ்ட்டு மடிப்புல சுருக்கம் விழும், விரிச்சா சுருக்கம் போயிரும். வண்டி சீட்டு மேல வெயில்ல போட்டேன், வாளித் தண்ணியில போட்டேன், அது பாட்டுக்கு இருந்துச்சு. நெம்ப நாளைக்கு அப்பறம் மனசுக்குள்ள இருந்த ஒரு முள்ளு வெளிய வந்த மாதிரி ஆச்சு எனக்கு.

பூசற விதம்

துணியில பேஸ்ட் நூலுக்குள்ள எறங்கி புடிச்சுக்கும், ஃபோமுக்கு நூல் இல்ல, அதனால புடிமானம் நாம குடுக்கோணும். வடிவத்துக்கு தேய்க்கறத முடிச்சு, ஹீட் கன் ஓட்டி, அந்த மினுமினுப்பு மேல 320 நம்பர் எமெரி பேப்பர்ல ஒரே ஒரு தடவை லேசா தேச்சு, ஸ்பிரிட்டு தொட்டு தொடைங்க. கைப்பிசுக்கும் தேச்ச தூளும் அதுல போயிரும். ஃபோம ஒட்டறதுக்கு போட்ட எஸ்ஆர்ங்கற ரப்பர் பசை எங்கயாச்சும் வழிஞ்சு காஞ்சிருந்தா வெரல்ல உருட்டி எடுத்துருங்க, அது மேல பூசுனா அந்த எடம் மட்டும் தனியா மின்னும். மொதல் கோட்டிங் கொஞ்சம் தண்ணி விட்டு லேசா, அதுவும் பிரஷ்ல இழுக்காம ஸ்பாஞ்சுல ஒத்தி ஒத்தி வைங்க, வெட்டுன ஓரத்துல ரெண்டு தடவை கூடவே ஒத்துங்க, அங்கதான் குடிக்கும். தொட்டா ஒட்டாத அளவுக்கு காஞ்ச பொறவுதான் அடுத்தது. தடியா ஒரே தடவைல முடிச்சரலாம்னு போனா மேல தோல் கட்டி உள்ள ஈரமாவே நிக்கும். டப்பாவ தொறந்து வெச்சுட்டு வேலை பாக்காதீங்க, சுத்தி காஞ்சு கட்டி கட்டியா விழும், வேணுங்கறத கிண்ணத்துல எடுத்துட்டு மூடி போட்டுருங்க. கறுப்பு பிக்மென்ட்டே உள்ள இருக்கறதால சீல் பண்றதும் அடிக்கலரும் ஒட்டுக்கா முடிஞ்சுருது, உலோகக் கலருக்கு அடியில கறுப்பு இருக்கறதுதான் வேணும்.

காய வைக்கிற எடம் பத்தி ஒண்ணு சொல்லியே ஆகோணும். எங்க வீடு சோமனூர் பக்கம், சுத்தி தறி. காத்துல பஞ்சு மெதந்துட்டே இருக்கும், கண்ணுக்கு தெரியாது, ஈரமான பேஸ்ட்டு மேல உக்காந்தா மட்டும் தெரியும். சில்வர் அடிச்ச பொறவு ஒவ்வொரு பஞ்சும் ஒரு முடி மாதிரி எழுந்து நிக்கும், உலோகக் கலர் வெளிச்சத்த திருப்பி அடிக்கிறதால அடியில இருக்கற சின்ன குத்தத்த கூட ஊருக்கே சொல்லிரும். நான் தறி நிக்கிற நேரமா பாத்து, ரூம ஈரத்துணியில தொடைச்சுட்டு, பீஸ கயித்துல தொங்க விட்டு மேல ஒரு அட்டைப்பொட்டிய கவுத்து வெச்சரேன். தறி இல்லாத ஊர்க்காரங்களுக்கு இவ்ளோ பாடு இருக்காது.

சில்வருக்கு நான் லேக்கர் பக்கமே போகல. நல்ல அக்ரிலிக் மெட்டாலிக் வாங்கி, பழைய பனியன் துணிய வெரல்ல சுத்தி, பெயிண்ட்ட தொட்டு பேப்பர்ல முக்கால்வாசிய தொடைச்சுட்டு, மீதிய கறுப்பு மேல தேய்ங்க. மேடான எடம் பளிச்சுன்னு ஏறும், பள்ளத்துல கறுப்பு தங்கும், அடிச்சு செஞ்ச இரும்பு மாதிரியே வரும். பெயிண்ட் எவ்ளோ மெல்லிசா இருக்கோ அவ்ளோ வளையும், அதனால இந்த வழி அழகுக்கும் நல்லது, ஆயுசுக்கும் நல்லது. பித்தளை வேணும்னா கறுப்புக்கு மேல ஒரு பழுப்பு குடுத்துட்டு தங்கக்கலர். பொறவு கறுப்பும் பழுப்பும் தண்ணியா கரைச்சு மேல ஊத்தி ஒடனே தொடைச்சு விட்டா ஆணி சந்து, பூவேலை பள்ளம் எல்லாம் வயசான மாதிரி ஆயிரும். வேட்டைக்கு போற சங்கர் கவசம் ஷோரூம்ல இருந்து எறக்குன மாதிரி எதுக்கு இருக்கோணும்? அந்த பட்டறை பெயிண்ட்டுல எனக்கு ஆரம்பத்துல இருந்தே புடிக்காதது அந்த புதுமைதான்.

பையனோட தோள்கவசத்துல இருந்த லேக்கரையும் புட்டியையும் அவனும் நானும் உக்காந்து மடிச்சு மடிச்சே பேத்து எடுத்தோம், மீதிய தேச்சோம், ஃபோமுக்கு ஒண்ணும் ஆகல. பூசி காஞ்சு அவன் மாட்டிட்டு ஹால்ல அந்த வீச்ச திரும்ப திரும்ப வீசி பாத்தான், மடியற எடத்துல ஒண்ணும் வரல. அக்கா அடுப்படியில இருந்து எட்டி பாத்து "இதை மொதல்லயே பண்ணிருக்கலாம்ல கண்ணு"ன்னு சொன்னா, அவன் "சித்தி இப்பத்தான கண்டுபிடிச்சாங்க"ன்னான்.

இதுல ஒரு கொறை இருக்கு, மறைக்க மாட்டேன். ரப்பர் பேஸ்ட்டுக்கு வெயில் காலத்துல லேசா ஒட்டற கொணம் உண்டு. யூனிட்ல பீஸ அடுக்கறப்ப நடுவுல பட்டர் பேப்பர் வைக்கிறதே அதுக்குத்தான். கவசத்தையும் அதே மாதிரி பேப்பர் வெச்சு எடுத்து வைங்க, ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தி பையில திணிக்காதீங்க, மூடுன கார்ல மத்தியான வெயில்ல விடவே விடாதீங்க, அங்க பெயிண்ட்டுக்கு முன்னாடி ஒட்டுன சந்தே விட்டுரும். மேல ஒரு கிளியர் கோட் குடுத்தா ஒட்டறது நெம்ப கொறையும். தண்ணியில கலக்கற பியூ (பாலியூரித்தேன்), அதுலயும் பளபளப்பு இல்லாத மேட்டுதான் என்ற தேர்வு. பையனுக்கு கிளாஸ் வேணுமாம், மேடை லைட்டுக்கு அதுதான் எடுக்கும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். காருக்கு ஹார்டனர் கலந்து அடிக்கிற டூ-கே கிளியர் அடிக்கலாமான்னும் கேட்டான், அது கூடவே கூடாதுன்னுட்டேன், அதோட ஹார்டனர்ல இருக்கற ஐசோசயனேட் மூச்சுக்கொழாய்க்கு ஆகாது, வீட்ல அடிக்கிற பொருளே இல்ல அது. மாருக்கு மேட்டு, தோள் விளிம்புக்கும் காப்புக்கும் மட்டும் தண்ணி பியூ கிளாஸ்னு இப்போதைக்கு பேசி முடிச்சிருக்கோம், இந்த காத்து நின்னதும் பூச ஆரம்பிக்கோணும்.